தர்சிக்குப் பத்து நடக்கிறது

2002 மார்ச் 4, திங்கள்

காலையிலேயே வெயில். அம்மன் தேர் முடிந்து மாத்தளை இன்னும் முழுசாக விழிக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வந்த பாதிக்கு ஆளுக்கொரு ஊதுகுழல். எல்லாவற்றையும் பிடுங்கி மேசை லாச்சிக்குள் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் திருப்பிக் கொடுத்தேன். வாசலைத் தாண்டும் வரைகூடப் பொறுக்கவில்லை, குரங்குகள்.

இடைவேளையில் அதிபர் அம்மா கூப்பிட்டார்.

"சேர், ஒன்னாம் வகுப்புல பிடிச்ச பிள்ளைங்களோடயே அஞ்சு வரைக்கும் ஏறி வந்துட்டீங்க. அடுத்த வருஷம் என்ன செய்யப் போறீங்க? நம்ம ஸ்கூல்ல ஆறு இல்லையே."

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிள்ளைகளை அறிந்த ஆசிரியரே தொடர்ந்து படிப்பிப்பது நல்லது என்று வருடா வருடம் அவருக்கு ஒரு பிரசங்கம் வைப்பேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் வேறு. இது தர்சியின் வயது வகுப்பு. இவர்கள் ஆறு வயதில் செய்ததை அவளும் அங்கே ஆறு வயதில் செய்திருப்பாள், ஏழில் செய்ததை ஏழில். மல்லாவியில் வளரும் மகளை மாத்தளையில் இருந்து பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி.

இடமாற்றம் கிடைத்து இங்கே வந்தபோது அவளுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. வீடு ஒன்று பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்கிறேன் என்று மனைவி யோகாவிடம் சொன்னேன். பிறகு சண்டை, இடப்பெயர்வு. அவர்கள் வன்னிக்குள், மல்லாவிக்குப் போனார்கள், பாதை மூடியது. இப்போது சமாதானம் என்கிறார்கள். பேப்பரில் தினமும் பாதை திறக்கும் படம். நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

மார்ச் 8, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கு போன். யோகாவின் தம்பி சிவா, வவுனியாவில் இருந்து. லொறியில் சாமான் ஏற்ற வந்தானாம்.

"அத்தான், ஏப்ரல் லீவுக்குப் பிள்ளையைக் கொண்டு வாறன்."

"அக்கா?"

"அக்காவுக்கு ஆஸ்பத்திரியில வருசப் பிறப்புக்கும் லீவு குடுக்கேல்லை. அங்க வர ட்ரான்ஸ்பர் கேட்டிருக்கிறா. அதுவரைக்கும் தர்சி உங்களோட நிண்டு அங்க படிக்கலாமெண்டு சொன்னவ. ஆனா..."

ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாமாம். நிற்க விருப்பமென்றால் நிற்கட்டும், இல்லையென்றால் சிவா திரும்பும்போது கூட்டிக்கொண்டு போகட்டும். யோகா சொன்னது சரி. சரியாகச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அறிமுகமில்லாத ஒரு மனிதனோடு ஒரு பிள்ளை எதற்கு நிற்க வேண்டும்? அந்த மனிதன் நான் என்பதுதான் சங்கடம்.

போனுக்குப் பிறகு ஒரு பாடமும் ஒழுங்காக நடத்தவில்லை. சித்திரம் வரையச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

வகுப்பில் மஞ்சுளா இன்று தோழியோடு கதைக்கவில்லை. காரணம் கேட்டால் "ஒன்னுமில்ல சேர்". ஒன்றாம் வகுப்பில் இதே மஞ்சுளா பென்சில் முனை உடைந்ததற்கெல்லாம் என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மூன்றாம் வகுப்பில் அழுகை நின்று கோள் சொல்லல் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் சட்டம். "அவன் லைனத் தாண்டிட்டான் சேர்." நாலாம் வகுப்பில் கோள் சொல்பவர்களை மற்றவர்கள் ஒதுக்கினார்கள். இப்போது முகத்தை மூடி வைத்துக்கொள்ளக் கற்றுவிட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் செருப்புவாரைச் சரிசெய்யக் குனிகிறார்கள்.

மஞ்சுளாவும் தர்சியும் ஒரே ஆடி மாதத்தில் பிறந்தவர்கள். அதனால் வகுப்பில் மற்றவர்களை விட அவளை நான் கொஞ்சம் கூடக் கவனிப்பேன். அவளுக்கு அது தெரியாது. அவள் தாய்க்கு ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 20, புதன்

மழை இல்லை. வீட்டுக்காரச் சிங்கள நோனாவின் கிணற்றில் அடி தெரிகிறது. அவர் என் குசினிக்கு ஒரு சுவர் அலுமாரி தருவதாகச் சொன்னார், மகள் வருகிறாள் என்றதும். நல்ல மனுஷி.

மஞ்சுளாவின் தாய் வீட்டில் தையல். வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு பள்ளிச் சட்டை.

"அளவு சேர்?"

"மஞ்சுளா அளவுதான்."

அந்த அம்மா ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "பிள்ளை வந்தப் பொறகு தைச்சா நல்லதுங்களே."

"இல்லை, வந்த உடனே இருக்க வேணும்."

கேட்காமலே மஞ்சுளாவைக் கூப்பிட்டு அளவு எடுத்தார். அவளுக்குக் கூச்சம், நெளிந்தாள். வரும் வழியில் சப்பாத்தும் வாங்கினேன், மஞ்சுளாவின் நம்பர் பார்த்து.

மார்ச் 27, புதன்

அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது: இடக்கையா வலக்கையா. பூனைக்குப் பயமா. கத்தரிக்காய் சாப்பிடுவாளா. சைக்கிள் ஓடுவாளா. கோபம் வந்தால் கத்துவாளா, வாயை மூடிக்கொள்வாளா. பாட்டு வருமா.

தெரிந்தது: மூன்று வயதில் என் தோளில் இருந்து இறங்கவே மாட்டாள்.

படம் ஒன்றுதான் வந்தது, ஏழு வயதில். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள், முகம் பாதிதான் தெரிகிறது. மிச்சப் பாதியை வகுப்பில் இருந்து எடுத்து ஒட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

வந்துவிட்டாள்.

வான் நாலந்தாவில் டயர் போய் இரண்டு மணிக்குத்தான் வந்தது. நான் காலை எட்டில் இருந்து ரோட்டில். சிவா இறங்கினான், பிறகு ஒரு சின்னப் பிள்ளை. பின்னால் தர்சி இறங்குவாள் என்று நான் வான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவா சொன்னான்: "அத்தான், இதுதான்."

மஞ்சுளாவின் தோள் அளவுதான் உயரம். மெலிந்த கை. வெயிலில் கறுத்த முகம். யோகாவின் நெற்றி, யாருடையது என்று தெரியாத ஒரு பார்வை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், சந்தையில் மீனைப் பார்க்கிற மாதிரி.

"சுகமா இருக்கிறீங்களா?" என்றேன். பெற்ற பிள்ளையிடம்! வாயில் அதுதான் வந்தது.

"ஓம்," என்றாள். பையை என்னிடம் தரவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு. வருசப் பிறப்பு

கோயில். பொங்கல். நோனா கொக்கிஸ் பலகாரம் கொடுத்துவிட்டார். தர்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாதியை மாமாவுக்கு எடுத்து வைத்தாள். எதையும் பாதிதான் சாப்பிடுகிறாள்.

நான் எழும்ப முன்னமே முற்றம் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். வெங்காயம் அரியும் வேகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சமையற்காரன் தோற்பான். "விடம்மா, நான் செய்யிறேன்" என்றேன்.

"நீங்கள் வேற மாதிரிக் கதைக்கிறியள்," என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. என்னில் ஒட்டிய மாத்தளைப் பேச்சைக் கவனித்துச் சொன்னாள்.

பின்னேரம் பெரிய இடி, வீடே குலுங்கியது. நான் திடுக்கிட்டுக் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். இராச் சமையலுக்கு அரிந்த வெங்காயத்தில் இருந்து அவள் தலை தூக்கவில்லை. "அது இடிதான்," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இன்னும் "அப்பா" என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய தேவை வராமல் கெட்டித்தனமாகக் கதைக்கிறாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

சட்டையைப் போட்டுப் பார்த்தோம். தொளதொளவென்று முழங்காலுக்குக் கீழே. சப்பாத்து நேர்மாறு, கால் உள்ளே போகவே இல்லை. வெறுங்காலில் நடந்து நடந்து பாதம் அகன்றுவிட்டது. சட்டைக்குச் சின்னவள், சப்பாத்துக்குப் பெரியவள்.

"யாற்ர அளவு இது?" என்றாள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை என்று சொன்னேன். கழற்றி மடித்து வைத்தாள். மடித்த விதத்தில் ஒரு கோபம் தெரிந்தது. சிவா அந்தப் பக்கம் போய் பீடி பற்றவைத்தான்.

அவள் இரண்டு வருடம் ஒழுங்காகப் பள்ளிக்கூடமே போகவில்லையாம். மரத்தடியில் வகுப்பு, பிறகு அதுவும் இல்லை. ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன், விரலை எண்ணினாள். நான் ஏன் கேட்டேன்? வீட்டிலும் வாத்தியார்தானா நான்?

ஏப்ரல் 18, வியாழன்

காலை கொஞ்சம் தூறல். கடைத்தெருவுக்குப் போனோம். ரோட்டைக் கடக்கும்போது கை நீட்டினேன், பிடிக்கவில்லை. தனியாக, என்னைவிடச் சரியாகக் கடந்தாள். இந்த வயதுப் பிள்ளைகள் கை பிடிக்க மாட்டார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் நான்தான் சொல்லிக் கொடுப்பவன். சொல்லிக் கொடுத்தவனுக்கும் நோகத்தான் செய்கிறது. கை பிடித்த வயது முழுவதையும் வேறு வீட்டுப் பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன். அது எனக்கு வேண்டும். என் பிள்ளையின் ஐந்து, ஆறு, ஏழு எனக்கு வேண்டும். யாரிடம் கேட்பது?

பகல் மஞ்சுளா தாயோடு வந்தாள், சட்டையைப் பிரித்துச் சின்னதாக்க. இரண்டு பிள்ளைகளும் லூடோ போட்டார்கள். மஞ்சுளா காயை வெட்டியதும் தர்சி பலகையைக் கவிழ்த்துவிட்டு, தேம்பித் தேம்பி அழுதாள், சின்னக் குழந்தை மாதிரி.

"சேர், இவ்வளவு பெரிய பிள்ளை அழுவுது!" மஞ்சுளாவுக்கு ஆச்சரியம்.

அவள் தாய் அதட்டினார்: "சும்மா இரு, புள்ள. அதுக்கு விளையாடியே பழக்கமில்ல போல."

எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷம். ஆறு வயதில் அழ வேண்டிய அழுகை அது, ஒன்றாம் வகுப்பில் நாள்தோறும் கேட்டது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. பிறகு அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, சனி

சிவா நாளை காலை வெளிக்கிடுகிறான். கேட்டுவிட்டான், என் கண் முன்னாலேயே.

"தர்சி, என்னோட வாறியோ, அப்பாவோட நிக்கிறியோ?"

"தெரியாது."

"நாளைக்குச் சொல்ல வேணும் குஞ்சு."

"அம்மா தனிய."

நானும் யோகாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நில் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நிற்பாள் என்று பயம். பெரியவர்கள் சொன்னதைச் செய்து பழகிய பிள்ளை. அப்படி நிற்பது எனக்கு வேண்டாம்.

பொழுதுபடப் பார்த்தேன், பையை அவளே கட்டி வாசலில் வைத்திருக்கிறாள். பள்ளிச் சட்டைகள் உள்ளே இல்லை, கொடியில் கிடக்கின்றன. மறந்தாளா, விட்டாளா. இதை வைத்து ஆரூடம் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வெயில், நல்ல காற்று. சிவா ஆறு மணிக்கே குளித்து வானைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தர்சி குசினிக்குள் வந்து எதிரில் குந்தினாள். கன்னத்தைக் கையால் பொத்தியிருந்தாள். பாண் துண்டைக் கடிக்கும்போது நொந்ததாம்.

"எங்க, ஆ காட்டு."

காட்டினாள். என் முகத்துக்குக் கிட்ட, இவ்வளவு கிட்ட, வந்து ஒன்பது நாளில் முதல் தடவை. கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல். விரலால் தொட்டேன். ஆடியது.

பால் பல்.

நான் படித்தவன், படிப்பிப்பவன். முன்பல் ஆறு ஏழில் விழும், கடைவாய்ப் பால் பல் பத்து, பதினொன்று, பன்னிரண்டு வரைக்கும் இருக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டவன். இவள் வாய்க்குள்ளும் இருக்கும் என்று மட்டும் ஏனோ தோன்றவே இல்லை. ஆடும் பல்லை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தேன்.

"இது எல்லாத்திலயும் கடைசிப் பால் பல்லோ?" என்றாள்.

இல்லையம்மா, இன்னும் இருக்கு என்றேன். மற்றப் பக்கமும் தொட்டுக் காட்டினேன். இது, இது, மேலே இது. அவள் நாக்கால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், கணக்குச் சரியா என்று.

"முந்தி அம்மாதான் பிடுங்கினவ. மாமாவுக்குக் கை நடுங்கும்."

"எனக்கு நடுங்காது," என்றேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. என் விரலைப் பார்த்தாள்.

வெளியே சிவா ஹோர்ன் அடித்தான். அவள் எழும்பி வாசலுக்குப் போனாள். பையைத் தூக்கினாள். நான் துருவலையிலேயே இருந்துவிட்டேன். அவள் குரல் கேட்டது.

"மாமா, நீங்கள் போங்கோ. இது விழ இன்னும் ரெண்டு மூண்டு நாளாகும். அம்மாட்டச் சொல்லுங்கோ, பல்லை அப்பா பிடுங்குவாராம் எண்டு."

வான் போன சத்தம். பை திரும்ப உள்ளே வந்தது. இதை எழுத உட்கார்ந்ததில் இருந்து இரண்டு தடவை வந்து வாயைத் திறந்துவிட்டாள். கையில் தேங்காய் மணம் என்று இப்போது கழுவிவிட்டு வரச் சொல்கிறாள்.