கொட்டகைக்குள் ஒரு கடைத்தெரு

ஜூன் 3, செவ்வாய்

அந்தமானில், போர்ட் பிளேயரை ஒட்டிய எங்கள் கராச்சர்மா கடைக்காரர்களுக்கு இன்று இரண்டாவது பயிற்சி. மெல்லிய பிளாஸ்டிக் கவர் கூடாது, காகிதமோ துணியோ பாக்குமட்டையோதான், ஏற்கெனவே கொடுத்த காலிக் கவரைக் கடையே திரும்ப வாங்க வேண்டும், இந்த மாதம் பதினைந்தாம் தேதியிலிருந்து அபராதம், ஒளித்துவைத்தால் கடைக்குப் பூட்டு என்று தொண்டை வற்றப் பேசினேன். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். ஒரே ஒரு கை உயர்ந்தது. மளிகைக்கடை ஈஸ்வரன் அண்ணன். "சமோசா இப்பவா தங்கச்சி, கடைசியிலயா?"

சமோசா வந்தது. பிளாஸ்டிக் கவரில். வாங்கி அனுப்பியது எங்கள் ஆபீஸ்.

ஜூன் 5, வியாழன்

மேலதிகாரி ஜம்புலிங்கம் சார் கூப்பிட்டார். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. கடைத்தெரு தயாராகிவிட்டால் நீட்டிப்பாம். இல்லையென்றால்? "தேக்கேங்கே." பார்க்கலாமாம். இத்தனை வருஷம் போர்ட் பிளேயரில் இருந்து சார் கற்ற ஹிந்தியில் பாதி அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்காரர் ஜஸ்டினின் படகு எஞ்சின் படுத்துவிட்டது. உதிரிபாகம் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், கப்பல் தாமதம். அதுவரை வீட்டில் உலை கொதிப்பது என் சம்பளத்தில்தான்.

ஜூன் 9, திங்கள்

மிக்சர் கடை ஜெயமணியைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி. அவளுக்குத் தெரியாமல் எனக்குத் தலைவலிகூட வந்ததில்லை.

"ஏட்டி ரோஸி, இந்த மழையில காகிதத்துல மிக்சர் கட்டுனா சாயங்காலத்துக்குள்ள நமுத்துப் போயிரும். உங்க ஆபீஸ்ல வாங்கித் திம்பீங்களா?"

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. அதுவும் 'தேக்கேங்கே'தானே?

ஜூன் 16, திங்கள்

மாதாவே! கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கவர் இல்லை! ஈஸ்வரன் அண்ணன் பருப்பைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். "எல்லாம் உன் ட்ரெய்னிங்தான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாருக்கு அறிக்கை அனுப்பினேன், நூறு சதவீதம் என்று. "பஹுத் படியா!" என்று பதில் வந்தது, ரொம்பப் பிரமாதமாம். வியாழக்கிழமை பெரிய அதிகாரி நேரில் வந்து பார்க்கப் போகிறாராம்.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டுக் கொட்டகைப் பக்கம் ஜஸ்டின் என்னைப் போகவிட மாட்டேன் என்கிறார். காலையில் பாம்பு என்றார், மத்தியானம் குளவிக்கூடு என்றார்.

ஜூன் 18, புதன்

பாம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கூரை முட்டும் வரை சாக்கு மூட்டைகள். மேல் மூட்டையைப் பிரித்தேன் — புதுக் கவர்கள், 'ஜெயமணி மிக்சர்' என்று சிவப்பில் அச்சடித்து. கீழே உள்ளவை தெருவின் மற்றக் கடைகளுடையவை.

சோதனை வருகிறதென்றால் எங்கள் தெருவில் சரக்கு வீடு மாறும். யாரும் சந்தேகப்படாத அரசாங்க ஆள் வீடாகப் பார்த்து இறக்குவார்கள். இந்த முறை அந்த யோகம் எனக்கு.

"எல்லார் கடையையும் பாப்பாங்க, ட்ரெய்னர் வீட்டையா பாப்பாங்க? தோ தின், ரெண்டே நாள்ல அவங்களே எடுத்துக்குவாங்க" என்கிறார் ஜஸ்டின். யோசனை யாருடையது? ஜெயமணியுடையதாம்.

என் பொழப்புல மண்ணள்ளிப் போட என் புருசனே கதவத் திறந்து விட்டிருக்காரே! நான் என்ன செய்ய? சொன்னா ஜெயமணி கடைக்குப் பூட்டு. சொல்லாட்டி என் நூறு சதவீதம் பச்சைப் பொய். சொல்லவா, வேண்டாமா?

ஜூன் 19, வியாழன்

சொல்லவில்லை. கடைகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அதோடு கிளம்பியிருக்கக் கூடாதா? "ரோசலின் வீடு பக்கத்துலதான், ஒரு சாய் குடிச்சிட்டுப் போலாம்" என்று ஜம்புலிங்கம் சார் உபசாரத்தை ஆரம்பித்தார். என் வீட்டுச் சாயாவுக்கு அவர் உபசாரம். ஜெயமணியும் ஈஸ்வரன் அண்ணனும் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார்கள். வாசல் வரும்போது மழை கொட்டியது. பெரிய அதிகாரி ஓடி ஒதுங்கிய இடம், கொட்டகை.

"யே க்யா ஹை?" என்றார், இது என்ன என்று.

ஜஸ்டின் முகம் செத்துவிட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது: "கலெக்‌ஷன் சென்டர் சார். கடைக்காரங்க தாங்களா கொண்டுவந்து ஒப்படைச்சது. மறுசுழற்சிக்கு மெயின்லேண்ட் போகுது."

அதிகாரி ஜெயமணி பக்கம் திரும்பினார். "ஆப்னே தியா?" நீங்களா கொடுத்தது என்று.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் கடையின் ஒரு வருஷ முதலீடு அந்த மூட்டைகளில் இருக்கிறது. எனக்குத் தெரியும், கவர் அச்சடித்தபோது அவள்தான் சொன்னாள்.

"ஜி" என்றாள், ஆமாம் என்று.

எல்லோரும் கைதட்டினார்கள். அவளை அவள் மூட்டைக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

ஜூன் 21, சனி

லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. தெருவே கடைவாசலில் நின்று பார்த்தது. என்னுடையது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, திறந்தால் அபராதம். மெயின்லேண்டில் வாங்கி, கப்பலேறி வந்து, ஒரு கை மிக்சரைக்கூடப் பார்க்காமல் திரும்பக் கப்பலேறப் போகின்றன.

ஜூன் 30, திங்கள்

நீட்டிப்பு ஆணை வந்துவிட்டது. ஜஸ்டின் கேசரி கிண்டினார். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

ஜூலை 4, வெள்ளி

மூன்றாவது பயிற்சி. உட்கார இடமில்லை. ஒளித்துவைக்க ஒரு கவரும் மிச்சமில்லாததால் இப்போது எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பாக்குமட்டை யாரிடம் வாங்குவது, மாவைத் துணிப்பையில் கட்டினால் வண்டு வருமா. ஈஸ்வரன் அண்ணன்கூட எழுதிக்கொண்டார்.

ஜெயமணி முன்வரிசையில் எழுந்து நின்றாள். "மிக்சர் நமுத்துப் போகாத காகிதப் பை எங்க கிடைக்கும்? எவ்வளவு சொல்றாங்க?"

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.