ஈரத் துணியின் எடை

பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாற்பது வயதில் பாப்பா என்று கூப்பிட்டால் ஆய்வு நிலையத்தில் மானம் போகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று நீ ரெட்டைச் சடையோடு நின்று என் கைப்பையைப் பிடுங்கிப் பார்த்தாய். அன்று வைத்த பெயர். இனி மாற்றுவதற்கில்லை.

நீ பழகுவதற்கென்று அனுப்பிய பத்துப் பைகளும் தீர்ந்துவிட்டன. நல்ல சாமான். குழந்தை பிறந்ததும் தாய்க்குக் கீழே விரித்தால், எவ்வளவு ரத்தம் போகிறதென்று பையில் போட்ட கோடே சொல்லிவிடுகிறது. எங்கள் பிரசவ அறை ஆயாவுக்கு ஒரே ஆச்சரியம். "இத்தன நாளா கண்ண மூடிக்கிட்டுல்ல கணக்கு சொல்லியிருக்கோம்" என்கிறாள்.

இந்த மாதம் முதல் ஆய்வு தொடங்குகிறது என்றாய். பைகள் எங்கே? எங்கள் நிலையத்தில் ஒற்றைக் கட்டிலும் தகரக் கூரையும்தான் என்றாலும் மாதத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பிரசவம் ஆகிறது. உன் படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில் 'அளந்தது', 'கண்ணால் மதிப்பிட்டது' என்று இரண்டு இருக்கிறதே, நான் எதில் குறியிடுவது?

உன் அண்ணனுக்கு முதுகுவலி. பட்டறைக்குப் போகாதீர்கள் என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை. "என் தங்கச்சி ஆராய்ச்சி பண்றா" என்று அங்கே நாலு பேரிடம் சொன்னால்தான் அவருக்கு டீ தொண்டையில் இறங்குகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் முதுகில் நாலு சாத்து சாத்தி வீட்டில் உட்கார வையுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

பைகள் துறைமுகத்தில் நிற்கின்றன. ஏதோ ஒரு காகிதத்தில் ஏதோ ஒரு முத்திரை இல்லையாம். ஆய்வை அதற்காக நிறுத்த முடியாது. வரும்வரை கண்ணால் பார்த்து எழுதிவிடுங்கள். மற்ற பதினெட்டு நிலையங்களும் அப்படித்தான் செய்கின்றன.

பிரசவத்துக்குப் பின் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டிலும் ஒரு நர்ஸும் மட்டும் உள்ள இடங்களில் எத்தனை தாய்மாருக்கு அப்படிப் போகிறது என்று கேட்டால் யாரிடமும் நம்புகிற மாதிரி ஒரு எண் இல்லை. அந்த எண்ணை நான் கொடுக்க வேண்டும், அண்ணி. எட்டு வருஷமாக இதற்காகத்தான் அலைகிறேன்.

நீங்கள் என் அண்ணி என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சலுகை காட்டுகிறேன் என்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
பாப்பா (இங்கே அச்சில் வராது என்ற தைரியத்தில்)

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

ஐந்து மாதக் கணக்கு முடிந்துவிட்டது. பத்தொன்பது நிலையங்களில் உங்கள் நிலையம்தான் கடைசி. மற்ற இடங்களில் இருபத்தைந்து தாய்மாரில் ஒருவருக்கு அரை லிட்டரைத் தாண்டியிருக்கிறது. உங்கள் இடத்தில் ஐந்தில் ஒருவருக்கு. சுகாதாரக் குழு வரைவைப் படித்துவிட்டது. உங்கள் ஏழாம் எண் நிலையத்தின் பிரசவ அறையை மூடிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி முடிவு செய்வார்கள்.

நான் கேட்டாக வேண்டும். ரத்தம் நிற்கப் போடும் ஊசி மருந்தை ஃபிரிட்ஜில்தான் வைக்கிறீர்களா? மின்சாரம் போகிற நாட்களில் என்ன செய்கிறீர்கள்? நஞ்சுக்கொடி தானாக விழும் முன் அவசரப்பட்டு இழுப்பதுண்டா? போதாததற்கு, பையே இல்லாத மாதங்களில் ஒன்பதாவது கட்டத்தில் 'அளந்தது' என்று குறியிட்டிருக்கிறீர்களாம். பிழை என்று அலுவலகத்தில் திருத்திவிட்டார்கள்.

உங்களுக்காகப் பரிந்து பேச எனக்கு ஏதாவது கொடுங்கள். இப்போது என் கையில் ஒன்றும் இல்லை.

பாப்பா

ஜூலை 11

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. மின்சாரம் போனால் ஐஸ் பெட்டியில் இருக்கிறது. நஞ்சுக்கொடியை இருபத்திரண்டு வருஷமாக நான் அவசரப்பட்டு இழுத்ததில்லை.

கண்ணால் பார்த்து எழுதச் சொன்னீர்கள். பத்துப் பைகளோடு பழகியபின் என் கண் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. முந்நூறு மில்லி என்று நான் நினைத்த இடத்தில் கோடு அறுநூறு காட்டியது. ஆகையால் இங்கே வேறு வழி செய்துகொண்டோம். குழந்தை வெளியே வந்ததும் பனிக்குட நீர் பட்ட துணியை உருவிவிட்டு, எடை தெரிந்த உலர்ந்த துணியை விரிக்கிறோம். அது நனைந்ததும் தராசில் மாட்டுகிறோம். ஈர எடையில் உலர்ந்த எடையைக் கழித்தால் போன ரத்தம் வந்துவிடும். கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. இதற்கு 'அளந்தது' என்பதைத் தவிர வேறு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தராசு தொங்கக் கொக்கி அடித்துக் கொடுத்தவர் ஒரு பட்டறைக்காரர். அவர் தங்களுக்கு அண்ணன் ஆக வேண்டும்.

உலர்ந்த எடை போக அரைக் கிலோவைத் தாண்டினால் அடுத்த ஊசியைப் போட்டு, வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே வண்டிக்கு ஆள் அனுப்புகிறேன். இந்த அறையில் ஆறு வருஷமாக ஒரு தாயும் சாகவில்லை. மற்ற பதினெட்டு இடங்களில் எத்தனை பேர் போனார்கள் என்பதற்குத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்த அறையை மூடினால் அடுத்த பிரசவ அறை ஆற்றைக் கடந்து மூன்று மணி நேரம். அதையும் எந்தக் கட்டத்திலாவது எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செவிலியர்,
ஏழாம் எண் நிலையம்

ஆகஸ்ட் 2

அண்ணி,

உங்கள் கடிதத்தில் 'தங்கள்' என்று படித்தபோது கன்னத்தில் வாங்கிய மாதிரி இருந்தது. அது எனக்குத் தேவைதான்.

படிவங்கள் கட்டிவைத்திருக்கும் அறைக்குப் போய் உங்களுடைய அறுபத்து நான்கையும் வெளியே எடுத்தேன். அத்தனையிலும் நீங்கள் 'அளந்தது' என்றுதான் குறியிட்டிருக்கிறீர்கள். அத்தனையிலும் அதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறது. ஓரத்தில் பென்சிலில், பொடி எழுத்தில், 'உலர் 210, ஈரம் 890' என்கிற மாதிரி ஒவ்வொன்றிலும் அதனதன் எடையை எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் இருப்பதை இங்கே யாரும் பதிவு செய்வதில்லை.

பதிவு செய்கிற பெண்ணை உண்டு இல்லை என்று பண்ணிவிடலாம் என்று போனேன். அவள் ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினாள். 'பைகள் கிடைக்காத நிலையங்கள் அளந்தது எனக் குறித்திருந்தால், கண்மதிப்பு எனத் திருத்தவும்.' கீழே என் கையெழுத்து இருந்தது. மார்ச் மாதம் ஏதோ கூட்டத்துக்கு ஓடிக்கொண்டே போட்ட கையெழுத்து.

மறுநாளே ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நாலு நிலையங்களில் பத்து நாள் பிரசவ அறையிலேயே இருந்தேன். ஓர் இடத்தில் நர்ஸ் துணியைப் பார்த்துவிட்டு, "முந்நூறுதாங்க, சாதாரணம்" என்றார். தராசில் போட்டால் அறுநூற்று ஐம்பது. அவர் துணியையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தன வருஷமும் இப்படித்தான் எழுதிக்கிட்டு இருந்தேனா" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கெட்டிக்கார நர்ஸ், அண்ணி. கண்ணுக்குத் துணி அப்படித்தான் பொய் சொல்கிறது. நான்கு இடங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உங்கள் எண்தான் வந்தது, ஐந்தில் ஒன்று.

அதிகமாக ரத்தம் போகிற இடம் உங்களுடையது இல்லை. போவதைப் பார்த்த ஒரே இடம் உங்களுடையது. மற்ற இடங்களில் இந்த ஐந்து மாதத்தில் மூன்று தாய்மார் இறந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேருடைய படிவத்தில் 'முந்நூறு, சாதாரணம்' என்று இருக்கிறது.

பதினெட்டாம் தேதி குழுவுக்கு முன்னால் தப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் இந்த ஆய்வு என் கையில் இருக்குமா என்று தெரியாது. அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். உங்களை நம்பாமல் கேள்வி கேட்டேன். மன்னித்துவிடுங்கள்.

பாப்பா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன். இப்போது என்னைப் பார்த்தால் அவரே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

உங்கள் அறையை மூடமாட்டார்கள். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கையையும் மேசை மேல் வைத்தேன். என்னை நன்றாகக் கிழித்தார்கள். இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பதில் சொன்னேன். கடைசியில் பத்தொன்பது நிலையங்களுக்கும் தராசு கொடுத்து, துணியை எடை போட்டு ஆய்வை முதலிலிருந்து செய்வது என்று முடிவானது. என்னையே செய்யச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாரும் எழுந்திருக்கும்போது ஓரத்தில் இருந்த வயதான மருத்துவர் கேட்டார், "அந்த ஏழாம் நம்பர் நர்ஸ் யாரும்மா, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" ஆறு மாதமாக மூடிவைத்த வாயைத் திறந்தேன். "எங்க அண்ணி." கதவுப் பக்கம் போனவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன். படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

திருத்திய அறிக்கையின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் முறையைப் பற்றி ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. எனக்குக் கடிதம் எழுத உங்களுக்கு மனம் வரவில்லை என்றால் பரவாயில்லை, பிழைகளைத் திருத்தி அறிக்கையை மட்டுமாவது அனுப்பிவையுங்கள்.

உங்கள்,
பாப்பா

செப்டம்பர் 9

பாப்பா,

மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறதா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீ கேட்டாய். அதுதான் இத்தனை நாள் பேனாவை எடுக்கவில்லை. சொல்லிவிட்டேன், இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

கூட்டத்தில் நீ சொன்னதை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "திரும்பப் படி" என்றார். நாலு தடவை ஆயிற்று. பட்டறையில் பெருமை அடிக்க இனிமேல் அவருக்கு இரண்டு ஆள். முதுகுவலியும் குறைந்த மாதிரி இருக்கிறது. எனக்கும் அந்த வரியை எத்தனை தடவை படித்தும் அலுக்கவில்லை. இதை நீ தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் ஒரு பெரிய பிழை. 'ஒரு செவிலியர் துணிகளை எடை போட்டார்' என்று எழுதியிருக்கிறாய். நான் எடை போடவில்லை. அந்த நேரத்தில் என் இரண்டு கையும் தாயின் வயிற்றின் மேல் இருக்கும். துணியை மாட்டி, முள்ளைப் பார்த்து, எண்ணைக் கத்திச் சொல்வது ஆயா. அந்தத் துணிகளைத் துவைத்துக் கொதிக்கவைத்துக் காயப்போடுவதும் அவள்தான். ஒவ்வொரு துணிக்கும் எடை வேறு வேறு என்பதால் மூலையில் மையால் எழுதிவைத்தேன். இரண்டு துவைப்பில் போய்விட்டது. "நீங்க எண்ணை மட்டும் எழுதிக் குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், நான் எழுதிக் கொடுத்த வடிவத்தைப் பார்த்துப் பார்த்து நாற்பது துணிகளிலும் கறுப்பு நூலால் தைத்துவிட்டாள். உன் ஆய்வு அந்தத் தையலின் மேல்தான் நிற்கிறது. ஆகையால் அந்த வரியை 'ஒரு செவிலியரும் ஓர் ஆயாவும்' என்று மாற்றியிருக்கிறேன். சிவப்பு மையால்தான். உன்னிடம் கற்ற பழக்கம்.

திருத்திய வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அச்சுல வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "அப்போ இன்னும் கொஞ்சம் நேரா தைச்சிருப்பேனே" என்றாள்.

இந்த உறையில் ஒரு துணியும் இருக்கிறது. மூலையில் 210 என்று இருக்கும். உன் தராசில் போட்டுச் சரிபார்த்துவிட்டு, என் படிவம் மாதிரி அடித்துவிடாமல் பத்திரமாக வைத்துக்கொள். அடுத்த ஆய்வுக்கு ஒன்பதாவது கட்டத்தில் துணிக்கும் ஓர் இடம் விடு. ஓரத்தில் பென்சிலால் எழுதி என் கண்ணே போய்விட்டது.

உன் அண்ணி,
செவிலியர்,
ஏழாம் எண் நிலையம்