மிச்சம் வைக்கும் வரி

செவ்வாய், இரவு.

அலுவலக சர்வரில் இன்று கூடுதல் மெமரி பொருத்தினார்கள். இருக்கும் மெமரியை அளந்து இயங்குதளத்தின் உள்மையமான கர்னலின் அமைப்புகளைத் தானாகவே மாற்றும் ஸ்கிரிப்ட் நான் எழுதியது. ஓடவிட்டதும் டேட்டாபேஸுக்கான பங்கைக் கூட்டியது. மெமரி எவ்வளவு கூடினாலும் அதில் ஒரு பகுதியைத் தொடக்கூடாது என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி வைத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கும் பிரியா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா மிச்சம் வெக்கிறீங்க? மொத்தத்தையும் குடுத்தா இன்னும் ஸ்பீடா ஓடுமே?"

"அப்புறம் மெஷின் எங்கடி மூச்சு விடும்? நாம லாகின் பண்ணக்கூட இடம் இருக்காது."

"மெஷின் மேல இன்னா பாசம்!" என்று சிரித்தாள்.

ஆவடி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கணவர் சொன்னார். "பாப்பா ரூம் சும்மாதானே கெடக்குது? அண்ணனை வந்து தங்கிக்கச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றார்."

"எத்தனை நாளைக்கு?"

"அதெல்லாம் எப்படிக் கேக்கறது? கூடப் பொறந்தவர்."

மகள் விடுதிக்குப் போன பிறகு, நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார இந்த வீட்டில் இருக்கும் ஒரே இடம் அந்த அறை. எதற்கென்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இன்றாவது சொல்லியிருக்கலாம். "துவைச்ச பெட்ஷீட் இருக்கு" என்றுதான் வாயில் வந்தது.

அந்த அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த நோட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணவர் கதவைத் தட்டுகிறார். தூக்கம் வரவில்லையாம், அண்ணனுக்காக இங்கிருக்கும் அலமாரியை இப்போதே காலி செய்துவிடலாமாம்.