கதவைத் திறந்துவைத்துப் பார்த்த ஹீட்டர்

12 ஏப்ரல் 1991, வெள்ளி

அண்ணனைப் பற்றி இனி எழுதுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும், இன்று முடியவில்லை.

லடாக் போகிறவர்கள் உள்ளேயே படுத்துறங்க எங்கள் பட்டறையில் ஒரு வேன் கட்டுகிறோம். இன்று அதற்கு ஹீட்டர் தேர்ந்தெடுத்தார்கள். டீசல் ஹீட்டரில் புகை குழாய் வழியே வெளியே போய்விடும். கேஸ் ஹீட்டர் உள்ளேயே எரியும், மாட்டுவது சுலபம். உச்சி வெயிலில் இரண்டையும் பற்றவைத்துப் பார்த்தோம், கதவு ஜன்னல் எல்லாம் திறந்தபடி.

"இங்கியே வெந்துகினு கீறோம், கதவ வேற மூடணுமா?" என்று ஃபிட்டர் முருகேசண்ணன் சிரித்தார்.

"கேஸே போதும். இன்னாம்மா பட்டதாரி, எழுதிக்கோ" என்றார் சூப்பர்வைசர்.

சூப்பர்வைசர் கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தில் 'கேஸ்' என்று எழுதிக்கொண்டேன்.

அண்ணன் காஷ்மீருக்கு லாரி ஓட்டினான். அவன் சம்பாத்தியத்தில்தான் நான் பி.எஸ்ஸி. முடித்தேன். ஒரு ராத்திரி குளிர் தாங்காமல், கேபினுக்குள் கரியடுப்பை வைத்துக் கதவை மூடிக்கொண்டு தூங்கினான். காலையில் எழுந்திருக்கவில்லை. உடம்பில் ஒரு காயம்கூட இல்லை.

திங்கட்கிழமை அந்தக் காகிதத்தில் கையெழுத்தாகிவிடும். அதற்குள் நாளைக்காவது சொல்லிவிட வேண்டும்: சார், அங்கே கதவை மூடிக்கொண்டுதான் தூங்குவார்கள். புகை வெளியே போகிற ஹீட்டரையே வையுங்கள்.