பொட்டலில் கேட்ட சிரிப்பு

அண்ணே, நேற்று ராத்திரி என் மகள் வீட்டு டிவியில் ஒரு சிரிப்புத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி அரட்டை நிகழ்ச்சி நடத்துகிற ஒரு கூட்டம் திரைக்குப் பின்னால் படுகிற பாடுதான் கதை. அரட்டைக்காரன் உள்ளே எல்லோர் மேலும் எரிந்து விழுகிறான். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அட, இது நம் நாடகக் கொட்டகை அல்லவா என்று நானும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது, சிரிக்கிற முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. சிரிப்பது யார் என்று பேத்தியிடம் கேட்டேன். யாருமில்லை, மெஷினில் ஒட்டிவிடுவார்கள் என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாடகத்தில் சனத்தைச் சிரிக்க வைக்கிற பபூன் நீங்கள், நான் டான்ஸ்காரி. காரைக்குடி நாடக ஏஜெண்டு ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி அனுப்புவார். நீங்கள் ஒக்கூரிலிருந்து ஒரு பஸ்ஸில் வருவீர்கள், நான் தேவகோட்டையிலிருந்து இன்னொன்றில். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. மேடை ஏறினால் கதைப்படி நடுரோட்டில் மோதி விழுவோம், வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வோம், கடைசியில் கல்யாணமும் கட்டிக்கொள்வோம். திரைக்குப் பின்னால் வந்துவிட்டால் நான் உங்களுக்குத் தங்கச்சி, நீங்கள் எனக்கு அண்ணன். ஊர் வாய்க்குப் பயந்து போட்டுக்கொண்ட உறவுதான். ஆனாலும் கூடப்பிறந்தவன் காட்டாத பிரியத்தை நீங்கள்தான் காட்டினீர்கள்.

உங்கள் பேச்சுக்கு நான் ஒருநாளும் சிரித்ததில்லை. அதே பேச்சு, அதே இடம், பின்னால் நிற்கிறவளுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது. சிடுமூஞ்சி என்று என்னைக் கேலி செய்வீர்கள். “ஒன்னையச் சிரிக்க வைக்காம நான் சாகமாட்டேன் தங்கச்சி” என்பீர்கள். அதெல்லாம் நடக்கிற காரியமா என்று சலங்கையைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

உங்களுக்காகச் சிரிக்க ஒருத்தி உண்டு. பக்கத்து ஊர்களில் நாடகம் என்றால் அண்ணி வந்துவிடுவார். பெண்கள் பக்கம், கடைசி வரிசை. முதல் சிரிப்பு அவருடையதுதான். சிரித்து முடிக்கையில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் பொட்டலே சிரிக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம் அண்ணி போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் நீங்கள் அதே பேச்சைத்தான் பேசினீர்கள், சனம் மட்டும் உம்மென்று இருந்தது. பபூனை மாற்றலாமா என்று ஏஜெண்டு என்னிடமே கேட்டார். நான் அவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். அது உங்களுக்குத் தெரியாது.

அந்த வைகாசியில் திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் திருவிழா. நீங்கள் மேடை ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சனம் பாயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. கரண்டு போய் மைக்கும் செத்தது. மூட்டையைக் கட்டலாம் என்று நாம் நினைத்தபோது ஊர்ப் பெரியவர் வந்தார். இது ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்ட நாடகம், சனம் இல்லாவிட்டாலும் அவள் பார்ப்பாள், விடியும்வரை ஆடியாக வேண்டும் என்றார். இரண்டு பெட்ரோமாக்ஸைத் தொங்கவிட்டு அவரும் வீட்டுக்குப் போய்விட்டார். எதிரே கோயில் கதவு மட்டும் திறந்திருந்தது.

நீங்கள் குல்லாயை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தீர்கள். “இன்னையோட சரி தங்கச்சி. சிரிப்பு வராத பபூனுக்கு அரிதாரம் எதுக்கு? இனி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டேன்.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் வரும் கட்டத்துக்கு நேரம் இருந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வழியாக இறங்கிப் பொட்டலின் கடைசியில் வேப்பமரத்தடிக்குப் போனேன். அத்தனை வருஷமும் உங்கள் முதுகைத்தான் பார்த்திருந்தேன். கடைசி ஆட்டத்தையாவது முன்னாலிருந்து பார்க்கலாமே என்று தோன்றியது.

நீங்கள் வந்தீர்கள். காலிப் பொட்டலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டீர்கள். “தள்ளாதீக, தள்ளாதீக! முன்னால இருக்கவுக தலையைக் குனிங்க, பின்னால மறைக்குதாம்” என்றீர்கள். அது புதுப்பேச்சு. அந்நேரம் பார்த்து ஒரு வெள்ளை நாய் மேடைக்கடியிலிருந்து எழுந்து நடந்தது. உடனே குரலைக் குழைத்துக்கொண்டு, “அந்தா, வெள்ளைச் சட்டை அய்யா பாதியில எந்திரிச்சுப் போறாக. குத்தம் கொறை இருந்தா மன்னிச்சுக்கங்கய்யா” என்று கெஞ்சினீர்கள். நாயும் நின்று திரும்பி உங்களைப் பார்த்தது. எனக்குப் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்துவதற்குள் சிரித்துவிட்டேன்.

நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டைத் துழாவினீர்கள். நான் மரத்தை ஒட்டியபடி நழுவி உள்ளே ஓடி, சாக்கை உதறிவிட்டு மேடை ஏறினேன். நாம் மோதி விழுந்தோம். அன்றைக்கு நீங்கள் பேசிய பேச்சு மாதிரி அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

விடிந்து திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் டீ குடித்தோம். அரிதாரம் சரியாகப் போகாத முகத்தில் அப்படி ஒரு களை. “அவ வந்திருந்தா தங்கச்சி” என்றீர்கள். அது நான்தான் அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீங்களே தொடர்ந்தீர்கள்.

“மொதத் தடவை கேக்கையில யாரும் ஊருக்காரவுகளோன்னுதான் நெனச்சேன். நீயும் நானும் முட்டி விழுந்தமுல்ல, அப்ப இன்னொருக்கா சிரிச்சா. முடிக்கையில விக்குனா பாரு, அவதான்.”

அந்த நேரம் நான் உங்களோடு மேடையில் அல்லவா கிடந்தேன். எனக்கு மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆர்மோனியக்காரரிடம் தனியாக விசாரித்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார். திறந்த வாயை அன்று மூடினேன்.

அப்புறம் ஏஜெண்டுக்கு உங்களை மாற்றுகிற எண்ணமே வரவில்லை. பல வருஷம் ஆடினீர்கள். எந்த ஊர்ப் பொட்டலாக இருந்தாலும் பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொடங்குவீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உங்கள் முன்னால் சிரிக்கவே பயந்தேன். சிரிக்க வைக்காமல் சாகமாட்டேன் என்று சொல்லியிருந்தீர்களே. உங்களுக்குத் தெரிய நான் சிரிக்காதவரை உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

ஒரு மார்கழிக் காலையில் சேதி வந்தது. ஒக்கூருக்கு ஓடி வந்தேன். பூமாலைகளுக்கு நடுவில் உங்கள் முகம் அரிதாரம் இல்லாமல் யாரோ போல இருந்தது. காதருகே குனிந்து, “அண்ணே, மொதச் சிரிப்பு நாந்தான். நீக செயிச்சுட்டீக” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் ஒப்பாரி வைப்பதாக நினைத்துக்கொண்டார்கள். முதல் சிரிப்புக்குக் கணக்கு தீர்ந்தது. இரண்டாவதுக்கு நான் என்ன சொல்வேன்?

அந்த மழை ராத்திரியிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எங்கே சிரித்தாலும், சிரித்து முடித்ததும் கொஞ்சம் காது கொடுப்பேன். நேற்று டிவிக்காரன் தன் கோட்டின் கைக்குள் காலை விட்டுக்கொண்டு தடுமாறினான். என்னை மறந்து சிரித்துவிட்டேன். உடனே பேத்தியிடம் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். வீடு அடங்கியது.

“எதுக்கு அம்மாச்சி?” என்றாள்.

“சும்மா இருடி, இன்னும் ஒருத்தி சிரிக்கணும்” என்றேன்.