இரண்டு கட்டை கீழே

பிப். 4, செவ்வாய்

இல்லை, வலி இல்லை. தழும்பு மட்டும் வெயிலில் அரிக்கிறது. தைராய்டு கட்டியை எடுத்து ஐந்து மாதம். குரல் வரும், எந்த அளவுக்கு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வந்துவிட்டது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

காலையில் பனி, மலைக்கோட்டை தெரியவில்லை. வாங்க வேண்டியது: பனங்கற்கண்டு, ஊக்கு, அம்மாவுக்கு மாத்திரை.

மாலை ஒத்திகை. காசிம் வீட்டு பிரியாணிக் கடை மொட்டைமாடி. நான் பாட்டு, காசிம் புல்லாங்குழல், பாண்டி தப்பு. கல்லூரி நாளிலிருந்து இதே மூவர். நடவு, கும்மி, காவடி. முன்பு துள்ளலாகப் பாடியதெல்லாம் இப்போது நிதானமாக, தாழ்வாக. மதுரைக் கச்சேரியில் ஒருவர், "உங்க சவுண்டே மாறிப்போச்சு. ஒரு முதிர்ச்சி" என்றார். அதை வீட்டுக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன்.

பிப். 6, வியாழன்

புதிய பெண், ரேவதி. ஊர் பாலசமுத்திரம், பழனிப் பக்கம். திங்கள்கிழமை செம்பட்டியில், பழனிக்கு நடப்பவர்களுக்கான பந்தலில் பாடுகிறோம். திறந்தவெளி. பின்பாட்டுக்கு ஒரு குரல் வேண்டும் என்று பாண்டி அழைத்துவந்தான்.

நடவுப் பாட்டு. கூடவே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க்கா, இது எத்தனை கட்டைங்க?"

"அஞ்சு." எப்போதும் என் சுருதி அதுதான்.

"இல்லீங்க்கா. அடியில எனக்கு எட்டவே மாட்டேங்குது. மூணு இருக்குமுங்க."

சிரித்தேன். கூட யாரும் சிரிக்கவில்லை. காசிம் குழலைத் துணியில் சுற்றினான். அப்போதுதான் கவனித்தேன், அதன் நீளம். குழல் நீள நீளச் சுருதி இறங்கும்.

பாண்டி: "ஏலே காசிமு, சொல்லித் தொலைடா."

கீழே கடையில், "ரெண்டு பிரியாணி, ஒரு சுக்கா!"

காசிம் சொன்னது: ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஒத்திகை. உச்சியில் என் குரல் உடைந்தது. மறுவாரம் நாலரைக் கட்டைக் குழல். பிறகு நாலு. நான் "நல்லா வந்துருச்சுல்ல?" என்று கேட்ட அன்று மூன்று. சுருதி எப்போதும் அவன் போனில்தான். அவன் வைத்ததில் பாடுவேன். பார்த்ததே இல்லை.

"நீ அம்புட்டு சந்தோசமா இருந்த வேணி. எப்படிச் சொல்றது?"

பிப். 7, வெள்ளி

வெளியே போகவில்லை. சுருதி ஆப் இறக்கினேன். ஐந்து. நடவுப் பாட்டின் மூன்றாம் வரி. வெறும் காற்று. நாலரை. காற்று. நாலில் ஏதோ. மூன்றில் வந்தது, அழகாகவே.

அம்மா கதவருகில்: "நல்லாத்தானே பாடுற. பெறகென்ன அழுக?"

முருங்கைக்கீரைப் பொரியல். இரண்டு முறை உப்பு போட்டுவிட்டேன்.

பிப். 8, சனி

குழு ஒரே சுருதியில்தான் பாட முடியும். மூன்றில் ரேவதிக்கு எட்டாது. ஐந்தில் எனக்கு.

காசிம்: "அந்தப் பிள்ள வேணாம். நாம மூணு பேரே போதும்."

பாண்டி: "ரோட்டோரப் பந்தல். லாரிச் சத்தம். இந்த முனகல் எவன் காதுல விழும்?"

"வாய மூடுடா."

"ஏன், இதுவரைக்கும் மூடிக்கிட்டுத்தான இருந்தேன்?"

"சின்னக் குழல எடுத்துட்டு வா" என்றேன். காசிம் அசையவில்லை. மறுபடி சொன்னேன்.

ரேவதி பாடினாள். மூன்றாம் வரி சிரமமே இல்லாமல் மேலே போனது. பாண்டியின் கையில் பழைய வேகம். அவனுக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதமாக அந்தச் சிரிப்பு இல்லை. அதுதான் எங்கள் முதிர்ச்சி.

பிப். 10, திங்கள்

செம்பட்டி. பச்சை வேட்டிகள், பிளாஸ்திரி ஒட்டிய பாதங்கள், சாம்பார் சாத வாசனை. ரேவதி முன்னால். நான் பாண்டிக்குப் பக்கத்தில், பின்பாட்டு.

பந்தல் ஓரத்தில் இரண்டு பெண்கள்.

"என்னா தொண்டை இந்தப் பிள்ளைக்கு!"

"பின்னாடி நிக்கிறது யாரு?"

"தொணைக்கு வந்திருக்கும்."

கடைசியாகக் காவடிப் பாட்டு. அதில் பின்பாட்டும் மேலே ஏறும். என் குரல் ஸ்பீக்கரில் கீறியது. சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். காசிம் ஊதுவதை நிறுத்தினான். அவன் கை தோள்பைக்குப் போனது, பெரிய குழலுக்கு. தலையசைத்தேன், வேண்டாம்.

என் மைக்கை அணைத்தேன். மீதிப் பாட்டையும் பாடினேன்.