இரண்டு எட்டுகள்

பெங்களூர் தண்டு, 12-2-1943

அன்புள்ள பவுலினுக்கு,

நான் சுகம். நீயும் மாமியும் சுகமா?

எங்கள் ராணுவ ஸ்டோரிலிருந்து ஒருவர் அசாம் போர்முனைக்குப் போகவேண்டும், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார் துரை. நானும் கூட வேலை செய்யும் டொமினிக்கும் தீக்குச்சியைப் பந்தயமாக வைத்து மூன்று சீட்டு ஆடினோம். குச்சி தீர்ந்தவன் போகவேண்டும்.

அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயத்தை ஏற்றினான். நான் பயந்து சீட்டைக் கீழே போட்டேன். பிறகு எனக்கு இரண்டு எட்டு வந்தது. பெரிய ஜோடியில்லை, எறியவும் மனம் வரவில்லை.

“என்னா மச்சான், கீழ போடுறியா?”

“இல்லப்பா, இருக்கேன்.” அவன் வைத்த அளவு குச்சியை நானும் வைத்தேன்.

சீட்டைத் திருப்பினால் அவனிடம் ஒரு ஜோடிகூட இல்லை, சும்மா பயமுறுத்தியிருக்கிறான். அதன்பின் அவன் குச்சியெல்லாம் என்னிடம் வந்துவிட்டது.

போகப்போவது அவன்தான். ஆனாலும் எனக்குப் பயம் தெளியவில்லை. அவனுக்கு ஒரு கம்பளி மப்ளர் பின்னி உடனே அனுப்பு. அம்மாவுக்கு எழுத என் பேனாவைக் கேட்டு அருகில் நிற்கிறான். நிறுத்துகிறேன்.

உன்,
மதலைமுத்து